வணக்கம் சொல்லாத நாள்

நைனா,

பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லி இன்றோடு ஆறு நாள் ஆகிறது. தொண்டையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். பழைய குரல் திரும்ப வருமா என்று எழுதிக் காட்டிக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "பார்ப்போம்மா" என்றார். பதில் அதிலேயே இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் மைக் முன்னால் உட்கார்ந்தே பிழைத்தவள், இந்தச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட டம்ளரைத் தட்டிக்கொண்டு கிடக்கிறேன். அதற்காக எனக்கு வருத்தம் இல்லை. என் வருத்தம் வேறு. என் வாய் மூடியிருக்கும்போதே நேற்று என் குரலைக் கேட்டேன்.

நீ போனில் அனுப்பியதைத்தான் சொல்கிறேன். பழைய ஒலிப்பதிவுகளை எல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, நான் பேசாததை நான் பேசுவதுபோலச் செய்திருந்தாய். "வணக்கம், கடலோர மக்களே. சாப்பிட்டாச்சா?" என்று ஆரம்பித்து, காற்றழுத்தத் தாழ்வு, காற்றின் வேகம், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று ஒரு எழுத்துப் பிசகாமல் படித்தது. மூச்சு வாங்கும் இடம்கூட என்னுடையதுதான். அம்மாவின் குரல் போய்விடக் கூடாது என்று ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்திருக்கிறாய். அந்த அன்பு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கேட்டு முடித்ததும், "முதலில் வரும் வணக்கத்தை எடுத்துவிடு" என்று எழுதி அனுப்பினேன். நீ என்ன பதில் போட்டாய்? "ம்மா, வணக்கம் இல்லாம எப்டிமா ஆரம்பிக்கறது? மரியாத இல்ல. உன் ரெக்கார்டிங் எல்லாமே அதுலதான் ஆரம்பிக்குது. வணக்கம் இல்லாதது ஒரு பத்து இருபதுதான் இருந்துச்சு. ஆரம்பம் கட்டாயிடுச்சுனு அத ஒதுக்கிட்டேன்."

அந்தப் பத்து இருபதைத்தான் நீ ஒதுக்கியிருக்கவே கூடாது. அது உனக்குத் தெரிய வழியில்லை. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான். நாளை மாலை நான்கு மணிக்கு அந்தக் குரலை நிலையத்தில் ஓடவிடப் போகிறாய். நாளையிலிருந்து நிலையத்தின் பொறுப்பும் உன்னுடையது. கமிட்டிக்காரர்கள் வருவார்கள், உன் தோளில் பொன்னாடை விழும். அதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். போனில் ரெண்டு வரியில் சொல்லக்கூடிய சங்கதி இல்லை இது.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். படாளத்துப் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் படி என்றால், புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பேன். "உனக்கு வாய்க்குள்ள யாராவது கீறாங்களா?" என்று டீச்சர் கேட்பார், வகுப்பே சிரிக்கும். அம்மா இடுப்பு ஒடிந்து படுத்தபோது நடவுக்கு ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்தினார்கள். எல்லாரும் அய்யோ என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. இனி யார் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டாமே.

திருக்கழுக்குன்றத்தில் சித்தப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தது உனக்குத் தெரியும். எனக்குப் பதினஞ்சு வயது. சித்திரைத் திருவிழாவில் அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அறிவிப்பு செய்கிற ஆளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பச்சைப் பாவாடை கட்டிய ஒரு குழந்தை அழுதுகொண்டு நிற்கிறது. சித்தப்பா மைக்கை என் கையில் திணித்தார். "நான் மாட்டேன் சித்தப்பா, எல்லாரும் பாப்பாங்க" என்றேன். "எவன்டீ பாக்கப் போறான்? தார்ப்பாய்க்குள்ள குந்திகினு பேசு. உன் மூஞ்சி யாருக்கு வேணும்?" என்று தார்ப்பாயை இழுத்துவிட்டார். உள்ளே இருட்டு. அந்த இருட்டில்தான் எனக்குக் குரல் வந்தது. "பச்சப் பாவாட கட்டின பாப்பா எங்ககிட்ட பத்திரமா இருக்குது, அம்மா மெதுவா வாங்க" என்றேன். அந்தத் தாய் ஓடிவரவில்லை, நடந்து வந்தாள். அழவும் இல்லை. மெதுவா வாங்க என்று நான் சொன்னதால் அவள் கால் மெதுவாக வந்திருக்கிறது. அன்றைக்கு அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முகம் தெரியாத ஒருத்தி தார்ப்பாய்க்குள் உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தியின் காலை நடத்த முடியும் என்பதில் பயப்படவும் ஏதோ இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

உங்கப்பாவைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்ததும், சமுதாய வானொலி தொடங்கியபோது என்னைச் சேர்த்துக்கொண்டதும் நீ ஆயிரம் தடவை கேட்ட கதை. அந்த நாள்களில் உங்கப்பா மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டு ஓட்டிவிட்டு வந்து உன்னைத் தூங்க வைப்பார். நீ கேட்காத கதை, வணக்கம் எப்படி ஒரு அடையாளமாக ஆனது என்பது. முதல் வருடம், ஐப்பசி மாதம். வானிலை எச்சரிக்கைத் தாள் வந்தபோது நான் கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி ஐம்பத்தொன்பது. மாடிப்படியில் ஓடிவந்து, மூச்சிரைக்க, வணக்கம் சொல்ல மறந்து நேராகத் தாளைப் படித்துவிட்டேன். நமக்கு இரண்டு பக்கத்துக் குப்பங்களிலும் வானொலி கேட்டவர்கள், என்றைக்கும் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற பொம்பளை இன்று கேட்கவில்லையே என்று பயந்துபோய்ப் படகுகளை மேட்டில் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் அடித்த காற்றில் கரையில் ஒரு கொட்டகை நிற்கவில்லை. ஆனால் ஆள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு அவர்களாகவே அதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். மழை மாதங்களில் எச்சரிக்கை வந்துகொண்டேதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. ஆகவே தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. முதல் சொல்லைத்தான் கேட்பார்கள். வணக்கம் வந்தால் போகலாம். வராவிட்டால் படகு மேட்டுக்குப் போகும். இது எங்கும் எழுதப்படவில்லை. எந்தக் கூட்டத்திலும் பேசப்படவில்லை. கேட்டவர்களுக்கும் எனக்கும் நடுவில் மட்டும் இருந்தது.

அவர்கள் என்னை அப்படி நம்பிய பிறகு, வெறும் தாளைப் பார்த்து முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் தினமும் மூன்றரை மணிக்குத் தனத்துக்குப் போன் போடுவேன். மீன் விற்கிற தனம்தான். அவள் கரையில் நின்று தண்ணீரின் நிறத்தைச் சொல்வாள். "பச்சையா கீதுக்கா", "கலங்கல் தான், ஆனா பயமில்ல", "காத்தே இல்லக்கா, எனக்குப் புடிக்கல" என்று ஏதாவது சொல்வாள். தாளும் அவள் கண்ணும் ஒத்துப்போனால்தான் வணக்கத்தை விடுவேன். இது நிலையத்துக் கையேட்டில் இல்லாத வேலை. ஆனால் என் வேலையில் உருப்படியானது இதுதான்.

இனி சொல்லப்போவதை உங்கப்பாவிடமே சொல்லச் சொல்லி நேற்று எழுதிக் காட்டினேன். அவர் சாப்பாட்டுக் கூடையை மூடிக்கொண்டே, "நீயே சொல்லு. எம் வாயால வேணாம்" என்று போய்விட்டார். அவருக்கு ஒன்பது வருடமாகத் தெரியும்.

நீ அப்போது ப்ளஸ் ஒன், ஹாஸ்டலில் இருந்தாய். நான் கடற்கரைக் கலைவிழாக் குழுவுக்குத் தலைவி ஆகியிருந்தேன். நம் பக்கத்துக் கூத்தும் பறையும் கல் கோயில்களைப் பார்க்க வருகிற கூட்டத்தின் முன்னால் ஒருநாளாவது நடக்க வேண்டும் என்று மூன்று வருடம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்திருக்கிறேன். கையில் மனுவோடு நிற்கும்போது பழைய கூச்சம் வந்து நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படியும் அலைந்தேன். கடைசியில் அனுமதி கிடைத்தது. ஆனால் மேடை போடக் கிடைத்த இடம், படகுகளை ஏற்றுகிற அந்த மேடுதான். வேறு சமமான தரை இல்லை. ரெண்டு நாள்தானே என்று ஒத்துக்கொண்டேன்.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் எச்சரிக்கைத் தாள் வந்தது. தனத்துக்குப் போன் போட்டேன். "எக்கா, தண்ணி செம்மண்ணு கரைச்சா மாதிரி கீது. பத்து வருஷத்துல நான் இப்டி பாத்ததில்ல" என்றாள். போனை வைத்த கையோடு விழாவைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி உள்ளே வந்தார். "நாளைக்குச் சிறப்பு விருந்தினர் வராரும்மா. ஐந்நூறு நாற்காலி போட்டாச்சு. இப்ப போட்டெல்லாம் மேல ஏத்தினா ஸ்டேஜ பிரிக்கணும். எச்சரிக்கையப் படிக்க வேணாம்னு நான் சொல்லல. முழுசா படிங்க. ஜனங்கள பதற வெக்காதீங்க, அவ்ளோதான்" என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. வணக்கத்துக்கு நம் கரையில் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஸ்டுடியோ ஜன்னலில் இருந்து பார்த்தால் மேடை தெரிந்தது. மேலே துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். நாளை நான் அந்த மேடையில் ஏறி, எழுந்து நின்று, ஐந்நூறு பேர் முன்னால் பேசப்போகிறேன். புத்தகத்தால் முகத்தை மறைத்த பெண், முகத்தைக் காட்டிக்கொண்டு. நான்கு மணி அடித்தது. விளக்கு எரிந்தது. "வணக்கம், கடலோர மக்களே. சாப்பிட்டாச்சா?" என்றேன். பிறகு தாளை ஒரு சொல் விடாமல் படித்தேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் உங்கப்பா தட்டில் கை வைத்தபடி கேட்டார். "வணக்கம்னு சொன்னியே, கடலு நல்லா கீதா?" நான் அவர் தட்டில் கூடக் கொஞ்சம் குழம்பை ஊற்றினேன். அவர் அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

விடிவதற்குள் மூன்று படகு போயிருந்தது. ரெண்டு திரும்பின. மூன்றாவதில் இருந்த ரெண்டு பேர் கேனைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். ஏழுமலை வரவில்லை. தனத்தின் புருஷன். உன்னைப் பார்த்தாலே "இன்னா ரேடியோ, இன்னிக்கு இன்னா நியூஸு?" என்று வம்புக்கு இழுப்பானே, அந்த ஏழுமலை. விழா நடக்கவில்லை. காற்றில் மேடையே இல்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார்கள். எச்சரிக்கை சரியான நேரத்தில், முழுமையாக, தெளிவாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள். ஒருவர் என்னைப் பாராட்டவும் செய்தார். குப்பத்து ஆள்கள் வெளியே நின்றிருந்தார்கள். யாரும் உள்ளே வந்து வணக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் யாருக்குப் புரியும்?

பதினாறாம் நாள் கழித்துத் தனம் நிலையத்துக்கு வந்தாள். படியிலேயே உட்கார்ந்தாள். "காலைல அது கிளம்பறப்ப நான் தான் சொன்னேங்க்கா, தண்ணி நல்லால்லன்னு. அதுவும் யோசிச்சுகினே நின்னுச்சு. அப்பறம் நானே சொன்னேன், அக்காவே வணக்கம் சொல்லிடுச்சு, போய்ட்டு வான்னு. நான் பாத்தத வுட நீ சொன்னத தான் நம்புனேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மறந்துட்டியாக்கா? பழக்கத்துல வாயில வந்துடுச்சா?" என்று கேட்டாள். எனக்கு ஒரு கதவைத் திறந்து கொடுப்பதுபோலக் கேட்டாள். "ஆமா தனம், மறந்துட்டேன்" என்றேன்.

மறக்கவில்லை, நைனா. இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

அதற்கடுத்த வருடம் ஊராட்சித் தேர்தலில் என்னை நிற்கச் சொன்னார்கள். நின்றேன், ஜெயித்தேன். தனம் வீடு வீடாகப் போய் எனக்காகக் கேட்டாள். அவளுக்குப் பட்டா வாங்கிக் கொடுத்தேன், கரைக்கு விளக்குப் போட்டேன், படகு ஏற்ற வேறு மேட்டைச் சமப்படுத்தினேன், அந்த இடத்தில் இனி எந்தப் பந்தலும் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டேன். கலெக்டர் கையால் கேடயம் வாங்கினேன். நம் வீட்டு அலமாரியில் நீ துடைத்து அடுக்கி வைத்திருக்கிறாயே, அதில் பாதி அந்த ஒரு பொய்யை மூடுவதற்காக ஓடிய ஓட்டத்தில் கிடைத்தது. பொது வேலைக்கு வரும்போது மனம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. இதை மட்டும் சொல்வேன். நீ ஒரு மேடைக்கு ஆசைப்படுகிறபோது, அந்த மேடை எந்த இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்று பார்.

தனம் போனில் நிறம் சொல்வதை ஒருநாளும் நிறுத்தவில்லை. ஒன்பது வருடமாக, நிறத்தைச் சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பாள். "இன்னிக்கு வணக்கம் உண்டாக்கா?" உண்டு, இல்லை என்று சொல்வேன். வைத்துவிடுவாள். அது கேள்விதானா, இல்லை எனக்குக் கொடுக்கிற தண்டனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்று காலை அவள் என்னைப் பார்க்க வந்தாள். மீன் கூடையைக் கழுவி வெளியே வைத்துவிட்டு, பன்னும் பழமும் எடுத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நீ செய்த குரலை, என் குரலை, அவளுக்குப் போட்டுக் காட்டினேன். போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், என் மூடிய வாயைப் பார்த்தாள். "எக்கா, இது யாரு பேசறது?" என்றாள். உன் பெயரை எழுதிக் காட்டினேன். "தம்பி நல்லாதான் செஞ்சிகீறான். ஆனா இதுக்கு நான் எப்டிக்கா தண்ணியோட நெறத்த சொல்றது? இதுக்கு போன் நம்பர் கீதா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "காலைல வரும்போது பாத்தேன். தண்ணி அன்னிக்கி மாதிரியே கீது."

ஆஸ்பத்திரி டிவியிலும் வங்கக் கடலில் ஒன்று உருவாகியிருக்கிறது என்று சொல்கிறார்கள். நாளை நான்கு மணிக்குள் எச்சரிக்கைத் தாள் உன் மேஜைக்கு வரும். அதை நீ கம்ப்யூட்டரில் போடுவாய். அது, கடலோர மக்களுக்கு, என் குரலில், வணக்கம் சொல்லும். தாளை ஒரு சொல் விடாமல் படிக்கும். நாளை மறுநாள் விசாரணைக்கு வருகிறவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொள்வார்கள்.

அந்தக் குரலைப் போடாதே, நைனா. வணக்கத்தை வெட்டிவிட்டும் போடாதே. ஒருநாள் வெட்டுவாய், பத்தாவது நாள் யாரோ மரியாதை இல்லை என்று திரும்பச் சேர்ப்பார்கள். நான் செத்த பிறகும் அது வணக்கம் சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்றரை மணிக்குத் தனத்துக்குப் போன் போடு. நம்பர் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. அவள் சொல்வதைக் கேள். நான்கு மணிக்கு நீயே மைக் முன்னால் உட்கார்ந்து, வணக்கம் சொல்லாமல், நேராகப் படி. உன் குரல் கட்டையாக இருக்கும், தடுமாறும், இருக்கட்டும். கேட்பவர்களுக்கு உன்னைத் தெரியாது. தெரியாத குரல் என்று பயப்படுவார்கள், வாசலுக்கு வந்து தண்ணீரை அவர்களே பார்ப்பார்கள். நாளைக்கு அது போதும்.

தனம் பன்னிரண்டரை பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள். கடிதத்தை அவளிடம்தான் கொடுக்கிறேன். உங்கப்பா மாலையில் வருவார், அவரிடம் கொடுக்கலாம். வேண்டாம். உறையை ஒட்டவும் இல்லை. திருக்கழுக்குன்றம் வழியாகக் கரைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தனம் மெதுவாகத்தான் படிப்பாள். ஆனால் படிப்பாள். நிலையத்தில் எழுத்தறிவு நிகழ்ச்சி நடத்தினோமே, அதைக் கேட்டுத்தான் அவள் எழுத்துக் கற்றுக்கொண்டாள். அ, ஆ என்று அவளுக்குச் சொன்னது என் குரல்தான்.

நீ இந்த வரிக்கு வந்திருக்கிறாய் என்றால், அவள் எல்லாவற்றையும் படித்த பிறகும் பஸ்ஸிலிருந்து இறங்கி, நிலையத்துப் படி ஏறி, இதை உன் கையில் கொடுத்திருக்கிறாள். ஒருவேளை இன்னும் வாசலிலேயே நிற்பாள். முதலில் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வை. என்னைப் பற்றி அவள் எது சொன்னாலும் குறுக்கே பேசாதே. எல்லாம் சொல்லி முடிக்கட்டும். பிறகு தண்ணீர் என்ன நிறம் என்று கேள்.

அம்மா